படத்தின் பின்பக்கம்

அன்புள்ள ஐயா,

வரும் தை மாதம் எங்கள் தாத்தா வீட்டை இடிக்கிறோம். அதற்கு முன் சொந்தக்காரர்களையும் ஊர்க்காரர்களையும் அழைத்து, பரணில் கிடைத்த எழுபது பழைய படங்களைக் கூடத்தில் காட்சிக்கு வைக்க நினைக்கிறேன். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கறை நீக்கி, வண்ணம் ஏற்றி, ஒரே அளவில் பெரிதாகப் பிரிண்ட் போடலாமா? ஒரு குரூப் படத்தில் ஒருவரைக் கத்தரியால் வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த இடத்தை ஏஐ வைத்து நிரப்பித் தருவதாக நண்பர் சொல்கிறார். சட்டங்கள் எல்லாம் செல்லரித்திருந்தன, கழற்றிப் போட்டுவிட்டேன். மேட் பேப்பர் நல்லதா, கிளாஸியா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இடிக்கப்போகிற வீட்டின் கூடத்திலேயே வைக்க வேண்டும் என்று தோன்றியதே, அந்த மனசுக்காகத்தான் பதில் எழுதுகிறேன். பேப்பர் எதுவானாலும் சரி. வண்ணம் வேண்டாம்.

ஆனால் சட்டங்களைப் போட்டுவிட்டேன் என்று இவ்வளவு சாதாரணமாக எப்படி எழுதினீர்கள்? கண்ணாடியில் சந்தனம் காய்ந்து வட்டமாகத் தடம் விழுந்திருக்குமே, பார்த்தீர்களா? வெள்ளிக்கிழமைதோறும் யாரோ ஸ்டூல் போட்டு ஏறி, பழைய பொட்டைத் துடைத்துப் புதிதாக வைத்த இடம் அது. சட்டத்தின் பின்னால் அட்டைக்குப் பதிலாகக் காலண்டர் தாளோ செய்தித்தாளோ வைத்து ஆணி அடித்திருப்பார்கள். படம் எந்த வருஷம் சுவருக்கு ஏறியது என்று அதில் இருக்கும். இன்னும் குப்பை வண்டி வரவில்லை என்றால் இப்போதே போய் எடுத்து வாருங்கள்.

கறை என்கிறீர்களே, கருப்பு வெள்ளைப் படத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஓரங்களில் வெள்ளி பூத்தாற்போல மின்னும். படத்துக்குள் இருக்கும் வெள்ளிதான் பல வருஷக் காற்றும் ஈரமும் பட்டு மேலே வந்து படிகிறது. அந்தப் படத்துக்கு வயதாகியிருக்கிறது, அவ்வளவுதான். அதை ஏன் அழிக்க வேண்டும்?

2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு ஜப்பானில் மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற சிற்றூரில், சேற்றிலிருந்து ஏறத்தாழ 7,50,000 படங்களைப் பொறுக்கி எடுத்தார்கள். தன்னார்வலர்கள் அவற்றைத் தண்ணீரில் அலசி, காயவைத்து, ஸ்கேன் செய்து, தேடி வந்தவர்களிடம் கொடுத்தார்கள். கல்யாணம், பள்ளிக்கூடம், பிறந்தநாள், எல்லா வீட்டு ஆல்பத்திலும் இருப்பவைதான். முகம் கரைந்து யாரென்றே தெரியாமல் போனவற்றை அவர்கள் தூக்கி எறியவில்லை. கரைந்த கோலத்திலேயே டோக்கியோவிலும் வெளிநாடுகளிலும் காட்சிக்கு வைத்தார்கள். முகமே இல்லாத படத்தின் முன்னால் மனிதர்கள் நின்றார்கள்.

எங்கள் வீட்டுக் கதையையும் சொல்கிறேன். அப்பா பம்பாயில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்டூடியோவில் எடுத்து அனுப்பிய படம் ஒன்று. தபால் அட்டை அளவு. அம்மா அதை அடுப்படி மாடத்தில்தான் வைத்திருந்தாள். அதன் பின்பக்கம் முழுக்கப் பென்சிலில் பால் கணக்கு. நாளுக்கு ஒரு கோடு, பால் வராத நாளுக்குச் சுழி. பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம், புருஷன் படத்திலா பால் கணக்கு எழுதுவது என்று. ஒருநாளும் அவள் பதில் சொன்னதில்லை. தினமும் அந்தப் படத்தைக் கையில் எடுக்க ஒரு சாக்கு அது என்று எனக்குப் புரிந்தபோது எனக்கு ஐம்பது வயது. அம்மா போய்ச் சேர்ந்திருந்தாள்.

அதற்கும் முன்பே, படம் கெட்டுப்போகக் கூடாதே என்று ஒரு கடையில் லேமினேஷன் செய்யக் கொடுத்திருந்தேன். பின்பக்கம் முழுக்கப் பசை தடவி மரப்பலகையில் அழுத்தி ஒட்டிக் கொடுத்தார்கள். அப்பா பளிச்சென்று இருக்கிறார். அம்மாவின் கோடுகள் பலகைக்குள் போய்விட்டன. பிரித்தால் அப்பாவும் கிழிந்துவிடுவார். இரண்டு கடைகளில் கேட்டுவிட்டேன்.

அதனால்தான் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன். ஸ்கேன் செய்யுங்கள், தாராளமாக. இரண்டு பக்கமும் செய்யுங்கள். ஆனால் காட்சிக்கு அசலையே வையுங்கள். சின்னது சின்னதாகவே இருக்கட்டும், கிட்டே வந்து குனிந்து பார்ப்பார்கள். பின்னால் எழுத்தோ ஸ்டூடியோ முத்திரையோ உள்ள படங்களைச் சுவரில் அடிக்காதீர்கள். உத்தரத்திலிருந்து நூல் கட்டி, ஓரத்தில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் சுற்றி வந்து பார்க்கலாம். பசையோ டேப்போ பக்கத்திலேயே வரக் கூடாது.

அப்புறம் அந்த வெட்டுப்பட்ட படம். அதை நிரப்ப உங்களுக்கும் உரிமை இல்லை, உங்கள் நண்பருக்கும் இல்லை. ஒருத்தி கோபத்தில் வெட்டியிருக்கலாம், அழுதுகொண்டே வெட்டியிருக்கலாம். வெட்டி எடுத்த முகத்தைப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனவரும் இருந்திருக்கலாம். அந்த ஓட்டையை அப்படியே விடுங்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளைப் பாருங்கள். வெட்டியவர்கள், வெட்டுப்பட்டவரின் விரல்களை அதன்மேல் விட்டுவிட்டிருப்பார்கள், பல படங்களில் பார்த்திருக்கிறேன்.

அந்த ஒன்றை மட்டும் மேஜையில், கையில் எடுத்துப் பார்க்கும்படி வையுங்கள். பக்கத்தில் ஒரு நாற்காலி போடுங்கள். ஊரில் எண்பது தாண்டிய பெண்கள் யாராவது அங்கே உட்கார்ந்தால், போனை எடுத்து ரெக்கார்ட் செய்யப் போகாதீர்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள்.