டிஜிட்டல் கையொப்பம் போட்டும் என் முகவரியில் போலி மெயில் போவது ஏன்?

கேள்வி: சொந்த டொமைனில் சிறிய ஏற்றுமதி நிறுவனம் நடத்துகிறேன். "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இந்தக் கணக்கில் பணம் போடுங்கள்" என்று எங்கள் முகவரியிலிருந்து இரண்டு வாடிக்கையாளர்களுக்கு மெயில் போயிருக்கிறது. நாங்கள் அனுப்பவில்லை. பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன், மெயில்களில் பிஜிபி (எழுதியவரை உறுதிசெய்யும் டிஜிட்டல் முறை) கையொப்பமும் போட ஆரம்பித்துவிட்டேன். இது போதுமா?

பதில்: போதாது. முதலில் அந்த மெயில் உண்மையில் எங்கிருந்து கிளம்பியது என்று பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் உதவாது. ஃபார்வர்ட் செய்தாலும் ஹெட்டர் (மெயில் வந்த வழியைச் சொல்லும் மறைவான வரிகள்) தொலைந்துவிடும். மூல மெயிலை இணைப்பாக அனுப்பச் சொல்லுங்கள். அதில் 'ஆதென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' என்ற வரியில், உங்கள் டொமைன் பெயரோடு டிகிம் (மெயில் சர்வர் போடும் கையொப்பம்) 'பாஸ்' என்று இருந்தால் அது பெரும்பாலும் உங்கள் கணக்கு வழியாகவே போயிருக்கிறது. அப்படியானால் இது முகவரிப் போலி இல்லை, திருட்டு. பாஸ்வேர்டு மாற்றியதோடு விடாமல், யாராவது தானியங்கி ஃபார்வர்ட் விதி வைத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

அப்படி 'பாஸ்' இல்லாவிட்டாலோ, வேறு டொமைன் பெயரோடு 'பாஸ்' என்று இருந்தாலோ, அது பெரும்பாலும் நீங்கள் சந்தேகிக்கும் முகவரிப் போலி. மெயில் அனுப்பும் எஸ்எம்டிபி முறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புநர் இடத்தில் எந்த முகவரியை எழுதினாலும் அது கேள்வி கேட்காது.

இதில் பிஜிபி என்ன செய்யும்? நீங்கள் அனுப்பிய மெயில் உங்களுடையது என்று நிரூபிக்கும், அவ்வளவுதான். மோசடிக்காரர் கையொப்பமே இல்லாமல் அனுப்புவார். அது இல்லையே என்று உங்கள் வாடிக்கையாளர் யோசிக்கப்போவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. பிஜிபி வழக்கமாக மெயிலின் உள்ளடக்கத்தைத்தான் காக்கும். பெறுநர், தலைப்பு, தேதியை அல்ல. "சரி, பணத்தை அனுப்பிவிடுங்கள்" என்று ஒருவருக்குக் கையொப்பமிட்டு எழுதிய ஒற்றை வரியை வேறொருவருக்கு அப்படியே அனுப்பினாலும் கையொப்பம் சரியென்றே காட்டும். அதனால் பெறுபவர் பெயர், தேதி, இன்வாய்ஸ் எண் மூன்றையும் மெயிலுக்குள்ளேயே எழுதிவிட்டுக் கையொப்பமிடுங்கள்.

உங்கள் டொமைனின் அத்தாட்சி இல்லாததைக் குற்றமாக்குவது டிமார்க் என்ற விதி. அது எஸ்பிஎஃப், டிகிம் என்ற இரண்டை வைத்து இயங்குகிறது. எஸ்பிஎஃப் என்பது எந்தச் சர்வர்கள் உங்கள் பெயரில் அனுப்பலாம் என்ற பட்டியல். ஆனால் அது திரும்பும் முகவரியைத்தான் (போய்ச் சேராத மெயில் திரும்பி வரும் முகவரி) பார்க்கும், வாடிக்கையாளர் கண்ணில் படும் முகவரியை அல்ல. திரும்பும் முகவரியில் தன் டொமைனையும், கண்ணில் படும் இடத்தில் உங்களுடையதையும் போட்டால் மோசடிக்காரருக்கே எஸ்பிஎஃப் பாஸ் ஆகிவிடும். டிகிம் என்பது மெயில் சர்வர் போடும் கையொப்பம். டொமைனுக்குச் சாட்சி, எழுதிய ஆளுக்கு அல்ல. இந்த இரண்டில் ஒன்றாவது கண்ணில் படும் டொமைனோடு பொருந்த வேண்டும், இல்லாவிட்டால் இன்னது செய் என்று சொல்வதுதான் டிமார்க்.

மூன்றையும் உங்கள் டொமைனின் டிஎன்எஸ் (டொமைன் விவரங்களை இணையத்துக்குச் சொல்லும் பட்டியல்) பதிவுகளாகப் போட வேண்டும். டிமார்க்கை முதலில் 'நன்' (எதுவும் செய்யாதே) நிலையில் வைத்து, வரும் அறிக்கைகளைப் படியுங்கள். உங்கள் பில்லிங் மென்பொருளும் உங்கள் பெயரில் மெயில் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதையும் சேர்க்காவிட்டால் உங்கள் இன்வாய்ஸே நின்றுவிடும். அப்புறம் 'குவாரன்டைன்' (ஸ்பேமில் போடு), கடைசியில் 'ரிஜெக்ட்' (ஏற்காதே). பலர் 'நன்'னோடு நின்றுவிடுகிறார்கள். அது வேடிக்கை பார்ப்பது, தடுப்பது அல்ல. 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாகூவும், மொத்தமாக மெயில் அனுப்புவோரிடம் (கூகுள் கணக்கில் நாளுக்கு சுமார் 5000க்கு மேல்) டிமார்க் கேட்கின்றன. அவர்களுக்கு 'நன்' போதும், உங்களுக்குப் போதாது.

'ரிஜெக்ட்' போட்டாலும், பெறும் சர்வர் அதை மதித்தால்தான் பலன். உங்கள் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி வேறு டொமைன் வாங்குபவரை எதுவும் தடுக்காது. அவர் அந்த டொமைனுக்கு மூன்றையும் ஒழுங்காகவே போட்டிருப்பார். ஆகவே "எங்கள் வங்கிக் கணக்கு மெயில் மூலம் மாறாது, சந்தேகம் வந்தால் ஏற்கெனவே உங்களிடம் உள்ள எண்ணில் கூப்பிடுங்கள்" என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிடுங்கள்.

இரண்டு வாடிக்கையாளர்களையும் இன்றே தொலைபேசியில் பிடியுங்கள். யாராவது பணம் அனுப்பியிருந்தால், முதலில் தங்கள் வங்கியை அழைத்துப் பரிமாற்றத்தை நிறுத்தச் சொல்லட்டும். இந்தியாவிலிருந்து போன பணமென்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் அழைக்க வேண்டும்.