'ஆக்' என்றால் தண்ணீரா?

கேள்வி: பிரான்சில் கோன்யாக், பெர்ஜெராக், ஓரியாக் என முடியும் ஊர்கள் ஆற்றங்கரையில் இருக்கின்றன. 'அக்வா' என்ற லத்தீன் சொல்லே 'ஆக்' ஆயிற்று என்று சுற்றுலா வழிகாட்டி ஒருவர் விளக்கினார். பிரெஞ்சு மொழி லத்தீனின் மகள். அப்படியிருக்க, அந்த ஊர்ப் பெயர்களில், ரோமானியருக்கு முன் அங்கே வழங்கிய கெல்திய மொழியான கோலியத்தைத் தேடுவது பிரெஞ்சுக்காரர்களின் பழம்பெருமைக் கற்பனைதானே?

பதில்: ஆற்றை ஒட்டி அமையாத பழைய ஊரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம் என்பதால், ஆற்றங்கரை எதற்கும் சான்றாகாது. 'அக்வா' என்னவாயிற்று என்பதை அறிய ஊகமும் தேவையில்லை. அதன் உண்மையான வாரிசுகள் கண்ணெதிரே இருக்கின்றன. கி.மு. 122இல் ரோமானியர் நிறுவிய 'அக்வே செக்ஸ்தியே' இன்று எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ். வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்பெற்ற டாக்ஸ் நகரின் பெயரும் அதே சொல்லிலிருந்து வந்தது. தெற்கின் பேச்சில் அச்சொல் 'எய்க்' என்று மாறியதற்கு எய்க்-மோர்த் சாட்சி. 'ஆக்' முடியும் ஊர்கள் மிகுதியாக இருப்பதும் அதே தெற்கில்தான். ஒரே வட்டாரத்தில் ஒரே சொல் இப்படி இரு வேறு வழிகளில் தேய்ந்தது என்று நம்ப வேண்டுமானால், வழிகாட்டி இன்னும் கொஞ்சம் உழைக்க வேண்டும்.

'ஆக்' என்பது 'ஆகோன்' என்னும் கோலியப் பின்னொட்டு. 'இன்னாருக்கு உரியது', 'இன்னது உள்ள இடம்' என்ற பொருளைத் தரும் இந்த ஒட்டுக்கு வெல்ஷ், பிரெத்தோன், ஐரிஷ் ஆகிய உறவு மொழிகளில் இன்றும் உடன்பிறப்புகள் வழக்கில் இருக்கின்றன. ரோமானிய ஆட்சியில் இது லத்தீன் எழுத்தில் 'ஆகும்' ஆனது. நிலக்கிழார்களின் பெயரோடு ஒட்டிக்கொண்டு பண்ணைகளுக்குப் பெயராயிற்று. இந்த விளக்கத்தை 1890இல் விரிவாக நிறுவியவர் பிரெஞ்சு வரலாற்றறிஞர் ஆர்புவா த ஜுபென்வில். சபினியுஸ் என்பவரின் பண்ணை 'சபினியாகும்'. தெற்கில் கடைசி மெய் நிலைத்ததால் அப்பெயர் சவின்யாக் ஆயிற்று. வடக்கில் அம்மெய் தேய்ந்து மறைந்ததால் சவின்யி ஆயிற்று. மேற்கில் சவின்யே என்றும், லியோனைச் சூழ்ந்த பகுதியில் சவின்யோ என்றும் வழங்குகிறது. ஓரியாக்கும், பாரிஸ் விமான நிலையத்தால் நாம் அறிந்த ஓர்லியும் 'அவ்ரேலியாகும்' என்ற ஒரே பெயரின் இரு வடிவங்கள். 'ஆக்' தண்ணீர் என்றால், ஓர்லியில் அந்தத் தண்ணீர் எங்கே போயிற்று?

ஆகவே கோலியமா லத்தீனா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் தங்கள் கேள்வியே இப்பெயர்களுக்குப் பொருந்தாது. தலை லத்தீன், வால் கோலியம். அந்தப் பண்ணைக்காரர் இத்தாலியிலிருந்து வந்தவர் என்றும் கொள்ள வேண்டாம். சீசரின் குடும்பத்திடமிருந்து குடியுரிமை பெற்ற கோலியர் பலர் யூலியுஸ் என்ற அக்குடும்பப் பெயரையும் சேர்த்துப் பெற்றார்கள். 'யூலியாகும்' என்பதிலிருந்து பிறந்த ஜுயியாக், ஜுயி என்னும் ஊர்களுக்குப் பின்னால், ரோமானியப் பெயர் சூடிய உள்ளூர்க்காரர் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம்.

பெருமைக் கற்பனை என்ற குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், கோலியர் சீசரிடம் தோற்ற அலேசியாவை 1860களில் தோண்டச் செய்து, 1865இல் அங்கே அவர்களின் தலைவன் வெர்சிங்கெத்தோரிக்ஸுக்குப் பெருஞ்சிலையும் எழுப்பினார். அதில் அரசியல் நிறையவே இருந்தது. ஆனால் மொழிச் சான்று அந்தச் சிலையைச் சார்ந்து நிற்கவில்லை. தெற்கு பிரான்சில் மிய்யோ நகரை அடுத்த லா க்ரோஃபெசான்கில் கி.பி. முதல் நூற்றாண்டுக் குயவர்கள் தட்டுகளில் கீறிவைத்த சூளைக் கணக்குகள் கிடைத்துள்ளன. எழுத்து ரோமானியம், எண்ணுப் பெயர்கள் கோலியம், பாண்டப் பெயர்களில் லத்தீன் கலந்திருக்கிறது. கணக்கு எழுதிய குயவர்களுக்கு இனப்பெருமை பாட நேரம் இருந்திருக்காது. அந்த இடத்தின் பழம்பெயர் கோந்தாத்தோமாகுஸ். ஆறுகள் கூடும் இடத்துச் சந்தை என்று பொருள். தார்ன், தூர்பி ஆறுகள் அங்கேதான் கலக்கின்றன.

நீரைப் பெயரிலேயே தாங்கிய ஊர் வேண்டுமென்றால் இந்தக் 'கோந்தாத்தே' என்ற கோலியச் சொல்லைத்தான் தாங்கள் பிடிக்க வேண்டும். பிரான்சின் பல்வேறு கோந்தேக்களும் கோந்தாக்களும் அதன் வழி வந்தவை. வெர்னோய் என்ற ஊர்ப் பெயரில் 'வெர்னோ' என்பது ஈரநிலத்தில் வளரும் ஆல்டர் மரம், 'இயாலோ' என்பது காட்டைத் திருத்திய வெளி, இரண்டும் கோலியம். முழு லத்தீன் பெயர்களும் இல்லாமல் இல்லை: வியென் நகரிலிருந்து ஏழாம் மைல்கல்லில் அமைந்ததால் செப்தெம் என்று ஓர் ஊர் இருக்கிறது.

இன்றைய ஒலியை மட்டும் கேட்டுப் பொருள் சொல்லும் பழக்கம் அந்த வழிகாட்டியோடு தொடங்கியதன்று. பிரெஞ்சில் சிங்கத்தைக் குறிக்கும் சொல்லும் 'லியோன்' என்றே ஒலிப்பதால், லியோன் நகரச் சின்னத்தில் ஒரு சிங்கம் நிற்கிறது. ஊர்ப் பெயரோ கோலியக் கோட்டையான 'லுக்துனும்' என்பதன் தேய்வு. வடக்கே லான் நகரமும் அதே பெயரிலிருந்துதான் வந்தது. ஒலி வேறு விதமாகத் தேய்ந்துவிட்டதால் அங்கே சிங்கத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று.