பனியாற்றின் அடியில் பாறைக்குப் பதில் மென்மண் இருந்தால் அது எப்படி அரிபடுகிறது, எங்கே போய்ப் படிகிறது?

பனியின் எடைதான் மண்ணைச் சுரண்டித் தள்ளுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாறைத் தரைக்கு அது ஓரளவு பொருந்தும். மென்மண்ணில் எடையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. மண்துளைகளில் நிற்கும் நீரின் அழுத்தத்தை அந்த எடையிலிருந்து கழித்தால் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். இதற்குப் பெயர் பயனுறு அழுத்தம்.

மேற்கு அண்டார்க்டிகாவின் வில்லன்ஸ் பனியோடையை எடுத்துக்கொள்வோம். பனிப்படலத்துக்குள் சுற்றியுள்ள பனியைவிட வேகமாக ஓடும் பகுதியைத்தான் பனியோடை என்கிறோம். பனி சுமார் 1,000 மீட்டர் தடிமன். தரைமேல் விழும் அழுத்தம் ஏறத்தாழ 9,000 கிலோபாஸ்கல். 1980களின் இறுதியில் வெந்நீரால் துளையிட்டு எடுத்த அடிமண்ணின் வலிமையோ 2 கிலோபாஸ்கல் அளவுதான். மண்துகள்கள் ஒன்றோடொன்று எவ்வளவு உராய்கின்றன என்பதைக் காட்டும் உராய்வுக் கோணம் 24° என்று வைத்து, அந்த வலிமையிலிருந்து கணக்கிட்டால் பயனுறு அழுத்தம் 4.5 கிலோபாஸ்கல் வருகிறது, அதாவது அரை மீட்டர் உயர நீர் தரும் அழுத்தம். மீதி எடை முழுவதையும் துளைநீரே தாங்குகிறது!

ஆகவே நீரழுத்தம் கொஞ்சம் கூடினாலும் பிடி விட்டுப்போகும். பனி வழுக்கிக்கொண்டு போகும், மண் இருந்த இடத்திலேயே கிடக்கும். நீரழுத்தம் நன்றாகக் குறைந்தால் பனி மண்துளைகளுக்குள் இறங்கி உறைந்து, மண்ணை அடுக்கோடு பெயர்த்துத் தூக்கிக்கொள்ளும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில், பனியின் அடிப்பக்கம் பதிந்த கற்கள் மேல்மண்ணை உழ, சில சென்டிமீட்டரோ சில பத்து சென்டிமீட்டரோ ஆழத்துக்கு மண் இழுபடும்.

மண் இழுபடும்போது துளைகள் விரியும். கடற்கரை ஈரமணலில் காலூன்றியதும் சுற்றிலும் ஒரு கணம் உலர்ந்து வெளுக்குமே, அதேதான். துளைநீர் அழுத்தம் குறைந்து மண் இறுகும். நுண்களி மிகுந்த மண்ணில் நீர் மெதுவாகவே வந்து சேர்வதால் அந்த இறுக்கம் நீடிக்கும். இந்த மண்ணைப் பாகுத்தன்மை கொண்ட திரவமாக வைத்துக் கணக்கிட்ட பழைய மாதிரிகளை நம்பாதீர்கள். எவ்வளவு வேகமாக இழுத்தாலும் அதன் வலிமை பெரிதாக மாறுவதில்லை என்று ஆய்வகச் சோதனைகள் காட்டிவிட்டன.

இனி அரிப்பா, படிவா என்ற கேள்வி. ஓரிடத்துக்கு வந்து சேரும் மண்ணைவிட வெளியேறும் மண் கூடினால் அரிப்பு, குறைந்தால் படிவு. பனி நின்றால்தான் படியும் என்றில்லை; ஓடிக்கொண்டிருக்கும்போதே படியும்.

இதை நேரடியாகவே அளந்திருக்கிறார்கள். அண்டார்க்டிகாவின் இன்னொரு பனியோடையான ரட்ஃபர்டில், இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தடித்த பனிக்கு அடியில், ஒரே கோட்டில் 1991, 1997, 2004 ஆகிய ஆண்டுகளில் செயற்கை அதிர்வலை அனுப்பிப் பார்த்தார்கள். முதல் ஆறு ஆண்டுகளில் 6 மீட்டர் மண் காணாமல் போயிருந்தது. பிறகு அரிப்பு நின்று, 2004இல் சுமார் 10 மீட்டர் உயரமும் 100 மீட்டர் அகலமும் உள்ள மண்மேடு அங்கே எழுந்திருந்தது. பனி ஓடும் திசையில் நீண்டு கிடக்கும் இத்தகைய மேட்டை டிரம்லின் என்கிறோமே, அது ஓடும் பனிக்கு அடியில் உருவாவதைக் கண்டது அங்கேதான்.

கடைசியாக, பனி தரையை விட்டு மிதக்கத் தொடங்கும் கோடு. அங்கே இழுவை அற்றுப்போவதால் வந்த மண்ணெல்லாம் தங்கிவிடும். வில்லன்ஸில் அப்படிச் சேர்ந்த ஆப்பு வடிவப் படிவு 30 மீட்டர் வரை தடித்திருக்கிறது.