வாரண்டி முடியப்போகும் டர்போ கார்: விற்பதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: சார், வணக்கம். திருவொற்றியூர் தேரடி பக்கம் வீடு, பாரிமுனையில் வேலை. என்னிடம் 1 லிட்டர் டர்போ பெட்ரோல் கார் இருக்கிறது, மேனுவல் கியர். 25,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருட வாரண்டி இன்னும் ஆறு வாரத்தில் முடிகிறது. "வாரண்டி முடிஞ்சதும் டர்போ போயிடும், இப்பவே வித்துடுங்க" என்கிறார் தெரிந்த மெக்கானிக். சர்வீஸ் சென்டரில் எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுக்கச் சொல்கிறார்கள். தினமும் போக வர 18 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒருமுறை திண்டிவனம் போவோம். என்ன செய்யட்டும்? வண்டியை நிறுத்தும் முன் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும் என்பது உண்மையா?

பதில்: விற்க வேண்டாம். தேதி பார்த்து எந்த டர்போவும் கெடுவதில்லை. ஆயில் சரியாக மாற்றி வந்திருந்தால், 25,000 கிலோமீட்டர் என்பது அதற்கு ஒன்றுமே இல்லை. என் பட்டறைக்கு டர்போ போய் வந்த வண்டிகளில், டர்போ தானாகக் கெட்டது அபூர்வம். ஆயில் கெட்டு, அதனால் டர்போ கெட்டதுதான் அதிகம். இது புரிந்துவிட்டால் உங்கள் கேள்விகளில் பாதிக்குப் பதில் கிடைத்துவிடும்.

சைலன்சர் வழியாக வீணாக வெளியே போகவேண்டிய புகைதான் டர்போவின் ஒரு பக்கச் சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, என்ஜினுக்குள் தள்ளுகிறது. வீட்டில் இருக்கும் மின்விசிறி முழு வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 350 சுற்று சுற்றும். உங்கள் வண்டியில் இருக்கும் சின்ன டர்போ, ஆக்ஸிலரேட்டரை நன்றாக அழுத்தும்போது நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றைத் தாண்டும். புகைப் பக்கம் வெப்பம் 900 டிகிரியைத் தொடும். இந்த வேகத்தில் அந்தத் தண்டைத் தாங்கி நிற்பது தலைமுடி அளவுகூட இல்லாத ஒரு ஆயில் படலம். ஆயில் நீர்த்துப்போனாலும் சரி, கசடாகிக் குழாயில் அடைத்தாலும் சரி, உலோகத்தோடு உலோகம் உரசும். அப்புறம் அது நெடுநாள் தாங்காது.

உங்கள் விஷயத்தில் நான் கவலைப்படுவது அந்த 18 கிலோமீட்டரைப் பற்றித்தான். கேட்கக் குறைவாகத் தெரியும். ஆனால் சுங்கச்சாவடி, தண்டையார்பேட்டை, ராயபுரம் வழியாகப் பாரிமுனை போக, துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, ஒரு தடவைக்கு 40 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். வருடத்தில் 280 நாள் வேலைக்குப் போனால் மீட்டரில் ஏறுவது 5,040 கிலோமீட்டர். என்ஜின் ஓடியதோ 370 மணி நேரத்துக்கு மேல். அதே நேரம் திண்டிவனம் ரோட்டில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போயிருந்தால் 22,000 கிலோமீட்டர் தாண்டியிருக்கும். மீட்டர் என்ன காட்டினாலும், ஆயில் அந்த 370 மணி நேரமும் வெந்துகொண்டுதான் இருந்தது. "10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம்" என்று கையேட்டில் போட்டிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். அதே கையேட்டில் கடுமையான பயன்பாட்டுக்கு என்று தனி அட்டவணை இருக்கும். நெரிசல், தூசி, குறைந்த தூர ஓட்டம், அதிக நேரம் நின்றபடி ஓடுவது என்று அதில் எழுதியிருப்பதெல்லாம் வடசென்னையைப் பார்த்து எழுதியதுபோலவே இருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு அந்த அட்டவணையில் இடைவெளி பாதியாகக் குறையும். நீங்கள் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். மூன்றரை, நான்கு லிட்டர் ஆயில் விலை, டர்போ விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

போன மழைக்காலத்தில் ராயபுரத்திலிருந்து ஒரு வண்டி வந்தது. பள்ளிக்கூடத்துக்கும் கடைக்கும் மட்டுமே ஓடியது, ஒரு நடைக்கு இரண்டு கிலோமீட்டர். 14 மாதத்தில் 3,000 கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது என்பதால் ஆயில் மாற்றவில்லை. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். ஆயில் குறைந்திருக்கும் என்று நினைத்தால், மேல் கோட்டைத் தாண்டி நின்றது. மூக்கருகே கொண்டுபோனதும் பெட்ரோல் வாடை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேய்த்தால் ஒட்டவே இல்லை, தண்ணீராக ஓடியது. என்ஜின் சூடாகும் முன்னே அணைத்து அணைத்து, எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கிக் கலந்துவிட்டது. நல்லவேளை, டர்போ தண்டில் ஆட்டம் இல்லை. ஆயிலை மாற்றி, 1,000 கிலோமீட்டரில் மறுபடியும் மாற்றினோம். உங்கள் ஓட்டம் அவ்வளவு மோசமில்லை, 40 நிமிடத்தில் ஆயில் சூடேறிவிடும். மாதம் ஒருமுறை திண்டிவனம் போவதும் நல்லது. நிற்காமல் ஓடும் அந்த இரண்டு மணி நேரத்தில் ஆயிலில் சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாகிவிடும். அந்தப் பயணத்தை விட்டுவிடாதீர்கள். ஆயில் கறுத்திருப்பதை மட்டும் வைத்துப் பயப்படவும் வேண்டாம், அது அழுக்கைச் சுமப்பதால் வரும் நிறம்.

ஆயில் எது என்பதிலும் கவனம் வேண்டும். கையேட்டில் சொன்ன கெட்டித்தன்மையும், ஏ.பி.ஐ. என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் எஸ்.பி. தரமும் டப்பாவில் போட்டிருக்க வேண்டும். 2020-இல் வந்த இந்தத் தரத்துக்கான ஆயில், சின்ன டர்போ பெட்ரோல் என்ஜின்களில் குறைந்த வேகத்தில் நேரம் தவறிப் பற்றி எரிவதைத் தடுக்கவும் சேர்த்துத் தயாராகிறது. அந்தத் தவறான எரிப்பு பிஸ்டனையே உடைத்துவிடக்கூடியது. அதற்கு வழி செய்வது நம் ஓட்டும் பழக்கம்தான்: லாரிக்குப் பின்னால் நான்காவது கியரில் 30-இல் உருட்டிக்கொண்டு போய், இடம் கிடைத்ததும் அதே கியரில் காலை அழுத்துவது. வண்டி முனகும். அப்போது டர்போவும் காற்றைத் திணிக்கிறது, என்ஜினும் மெதுவாகச் சுற்றுகிறது. ஒரு கியர் இறக்கிவிட்டு அழுத்துங்கள். மேனுவல் கியர் வண்டியில் இது உங்கள் கையில்தான் இருக்கிறது.

அணைக்கும் முன் ஓடவிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். நெரிசலில் ஊர்ந்து வீடு வந்த வண்டிக்கு அது தேவையே இல்லை, டர்போ ஏற்கெனவே ஓய்ந்துதான் இருக்கும். நெடுஞ்சாலையில் வேகமாக வந்து சாப்பாட்டுக்கோ பெட்ரோலுக்கோ சட்டென்று நிறுத்தும்போதுதான் ஒரு நிமிடம் விட்டு அணைக்க வேண்டும். இல்லையென்றால் ஓட்டம் நின்ற ஆயில், சூடான டர்போவுக்குள் கருகிப் படியும். கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தாலும் அதே பலன்தான். காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஆக்ஸிலரேட்டரை உறுமவிடாமல், முதல் சில கிலோமீட்டர் மெதுவாகப் போவது இதைவிட முக்கியம்.

அடுத்தது உப்புக்காற்று. கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் டர்போவைவிட அதைச் சுற்றியுள்ள குழாய்களும் கிளாம்ப்களும்தான் முதலில் தொல்லை தரும். காசிமேட்டிலிருந்து ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். இழுவை சுத்தமாக இல்லை, என்ஜின் விளக்கு எரிகிறது, வேறோர் இடத்தில் டர்போவையே மாற்றச் சொல்லியிருக்கிறார்கள். ஸ்கேனர் போட்டால் காற்றழுத்தம் குறைவு என்று பிழைக் குறியீடு வந்தது. டர்போ கெட்டாலும் அதே குறியீடுதான் வரும், காற்று ஒழுகினாலும் அதே குறியீடுதான் வரும். என்ஜின் வேகத்தைக் கொஞ்சம் ஏற்றச் சொல்லிவிட்டு, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாயில் சோப்புத் தண்ணீர் அடித்தோம். குழாயின் கீழ்ப்பக்கம் குபுகுபுவென்று நுரை வந்தது. கிளாம்ப் துருப்பிடித்துத் தளர்ந்து, ரப்பர் அரை அங்குலம் கிழிந்திருந்தது. குழாயும் கிளாம்பும் புதிதாகப் போட்டதும் வண்டி பழையபடி இழுத்தது. ஆகவே யாராவது டர்போவை மாற்றச் சொன்னால், குழாய்களைப் பார்த்தாயிற்றா, தண்டில் ஆட்டம் பார்த்தாயிற்றா என்று முதலில் கேளுங்கள். நிஜமாகவே மாற்ற வேண்டி வந்தால், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய டர்போவைப் போடாதீர்கள். ஆயில் வரும் குழாயையும் சேர்த்து மாற்றுங்கள். அதில் கருகிய கசடு அப்படியே இருந்தால் புது டர்போவும் பழையதன் வழியிலேயே போய்விடும்.

சரி, இந்த ஆறு வாரத்தில் செய்ய வேண்டியது. முதலில் வாரண்டி அட்டையை எடுத்து, தேதி எந்த நாளிலிருந்து எண்ணப்படுகிறது என்று பாருங்கள். பிறகு நேரம் வாங்கிக்கொண்டு சர்வீஸ் சென்டர் போங்கள். "எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடுங்க" என்று சொன்னால், வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டில் பொதுச் சோதனை என்று எழுதி, கழுவித் தருவார்கள். கண்ட குறையைக் கண்டபடியே எழுத வையுங்கள். "காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு நொடி நீலப்புகை." "மூன்றாம் கியரில் 2,000 ஆர்.பி.எம். தாண்டும்போது சைரன்போல ஊளைச் சத்தம்." "கூலன்ட் மாதாமாதம் குறைகிறது." இப்படி. காற்றுக் குழாயைக் கழற்றி டர்போ தண்டின் ஆட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே லேசாக ஆயில் பூசியதுபோல இருப்பது சகஜம், தேங்கி நின்றால்தான் பிரச்சினை. ஸ்கேன் அறிக்கையில், இப்போது விளக்கு எரியாவிட்டாலும் நினைவில் பதிந்திருக்கும் பழைய பிழைக் குறியீடுகளையும் சேர்த்து அச்சிட்டு வாங்குங்கள். லிஃப்டில் ஏற்றும்போது நீங்களும் கீழே நின்று, ஆயில் கசிவு, துரு, இன்டர்கூலர் வரிகள் எல்லாவற்றையும் படம் எடுங்கள். வாரண்டிக்குள் எழுத்தில் பதிந்த குறை, பிறகு அதே குறை பெரிதாகும்போது உங்கள் பக்கம் நிற்கும். வாயால் சொன்னது நிற்காது. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. அங்கேயும் முதலில் கேட்பது இந்தக் காகிதங்களைத்தான்.

எக்ஸ்டெண்டட் வாரண்டி எடுங்கள் என்பதுதான் என் கருத்து, மூன்று விஷயங்களைச் சரிபார்த்த பிறகு. கார் கம்பெனியே தரும் திட்டமாக, உங்கள் சேசிஸ் எண் போட்ட சான்றிதழாக இருக்க வேண்டும். டர்போசார்ஜர் என்ற பெயர் காப்பில் அடங்கும் பாகங்களின் பட்டியலில் வெளிப்படையாக இருக்க வேண்டும், "என்ஜினுக்குள்ளேயே வந்துவிடும் சார்" என்பதை ஏற்காதீர்கள். சர்வீஸ் எத்தனை நாள் தாமதமானால் உரிமை போகும் என்றும் படியுங்கள். டர்போ பழுதை மறுக்கப் பெரும்பாலும் சொல்லும் காரணம் ஆயில் மாற்றிய பில் இல்லை என்பதுதான். இடையில் ஆறு மாத ஆயிலையும் அங்கேயே மாற்றிப் பில் வாங்கிவிடுங்கள். ரப்பர் குழாய்கள் பொதுவாகக் காப்பில் வராது, அது பெரிய செலவும் இல்லை. உங்களுடையது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக்காக இருந்திருந்தால் யோசிக்கவே வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றிருப்பேன். இந்த நெரிசலில் டர்போவுக்கு முன்னால் அந்த கியர்பாக்ஸ்தான் சூடாகித் தவிக்கும்.

ஆனால் எந்த வாரண்டியும் வெள்ளத்துக்குக் கைகொடுக்காது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணீர் வீடுகளுக்குள்ளேயே வந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உங்கள் பகுதியில் இருப்பவர், டர்போவுக்குப் பணம் ஒதுக்கும் முன்பே காப்பீட்டில் என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்க்க வேண்டும் என்பேன். தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் கட்டி இழுத்துக்கொண்டு வருவது உங்கள் பொறுப்பு. ஸ்டார்ட் செய்து பார்த்தால் அந்தப் பிரிவிலும் பணம் வருவது சந்தேகம்.

மணலி, எண்ணூர்க் கரித்தூசிக்கு ஏர் ஃபில்டரை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை பாருங்கள். சத்தத்துக்காகத் திறந்த ஃபில்டர் மாட்டாதீர்கள், நுழையும் மணல் டர்போ சக்கரத்தின் விளிம்பை அரிக்கும். கையேட்டில் கேட்காத அதிக விலை பெட்ரோல் தேவையில்லை, கூட்டம் உள்ள பங்கில் போட்டால் போதும். சர்வீஸ்தோறும் கார்பன் நீக்கும் மருந்தை டேங்கில் ஊற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உங்கள் வண்டி நேரடி ஊசியடிப்பு வகையாக இருந்தால், பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, கார்பன் படியும் இன்லெட் வால்வை அது தொடுவதே இல்லை. காலையில் என்ஜின் நடுங்கி ஓடத் தொடங்கினால்தான் அந்த வால்வுகளைக் கழற்றிச் சுத்தம் செய்யும் பேச்சு. உங்கள் வண்டிக்கு அதற்கு இன்னும் காலம் இருக்கிறது.

நாளைக் காலை வண்டி குளிர்ந்திருக்கும்போதே, சமதரையில் வைத்து ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கும் நடுவே இருந்தால் நேரம் வாங்கிக்கொண்டு நிதானமாகப் போகலாம். மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ, கீழ்க் கோட்டுக்கு இறங்கியிருந்தாலோ ஒரு படம் எடுத்துக்கொண்டு அந்த வாரத்திலேயே சர்வீஸ் சென்டரில் நில்லுங்கள். ஜாப் கார்டின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.