ஃபைட்டர் மீனுக்கு காஞ்ச புழு: ஊற வெச்சீங்களா?

இந்த தடவ வந்த கேள்வில பாதிக்கு மேல பெட்டாங்கற ஃபைட்டர் மீன் சாப்பாடு பத்திதான், அதுலயும் கடைல குட்டி டப்பால வர்ற ஃப்ரீஸ் ட்ரைடு, அதாவது உறைய வெச்சு காய வெச்ச புழு ஐட்டம் பத்தி. ஒரே மாதிரி வந்ததெல்லாம் சேத்துட்டேன்.

அண்ணா, ஃப்ரீஸ் ட்ரைடு ப்ளட் வார்ம் (செவப்புப் புழு) போட்டதுல இருந்து என் ஃபைட்டர் பெல்லட்டையே (குருணைத் தீனி) தொட மாட்டேங்குது. தினமும் புழுவே போட்டுடவா?

வேணாம் தம்பி. பெட்டா தாய்லாந்து பக்கம் வயல்லயும் சதுப்புலயும் கொசுப்புழு, தண்ணில விழுற பூச்சினு புடிச்சு தின்னு வளர்ந்த ஜாதி, அதான் வாயே மேல பாத்தாப்ல இருக்கு, புழுவ காட்டினா விடுமா? ஆனா ப்ளட் வார்ம்ல மட்டும் அதுக்கு வேண்டிய எல்லா சத்தும் கெடைக்காது. மெயின் சாப்பாடு நல்ல பெட்டா பெல்லட், புழு வாரத்துக்கு ஒரு தடவ, மிஞ்சிப்போனா ரெண்டு. சோறு வேணாம் முறுக்குதான் வேணும்னு அழுற புள்ளய என்ன பண்ணுவோம், அதேதான் இங்கயும். ஒரு நாள் ரெண்டு நாள் பட்டினி போட்டுட்டு ரெண்டு பெல்லட் போடு, திங்கலனா அஞ்சு நிமிஷத்துல எடுத்துடு, மறுநாள் திரும்ப போடு. பெரிய மீன் ஒரு வாரம் திங்காட்டியும் தாங்கும், நீதான் தாங்க மாட்ட.

ஊற வெச்சுதான் போடணும்னு சிலர் சொல்றாங்க, அப்படியே தூவலாம்னு கடைக்காரர் சொல்றார். எது சரி?

நான் ஊற வைக்கிற கட்சி. ஃப்ரீஸ் ட்ரைனா வெயில்ல காய வெக்கிறது இல்லீங்க, புழுவ உறைய வெச்சு வேக்யூம்ல வெச்சா உள்ள இருக்குற ஐஸ் தண்ணியாகாமலே ஆவியா போயிடும், அதனால புழு சுருங்காம அதே உருவத்துல ஸ்பாஞ்ச் மாதிரி நிக்கும். அந்த ஸ்பாஞ்ச் எங்கயாவது தண்ணிய இழுத்துதானே ஆகணும். மீல்மேக்கர ஊற வைக்காம தின்னுட்டு மேல ஒரு சொம்பு தண்ணி குடிச்சு பாருங்க, வயிறு என்ன சொல்லும்னு தெரியும்! பெட்டா வயிறு அது கண்ணு சைஸுதான்னு ஒரு கணக்கு சொல்வாங்க, துல்லியமா இல்லாட்டியும் அளவுக்கு அத மனசுல வெச்சுக்கலாம்.

ஒரு பாட்டில் மூடில டேங்க் தண்ணி கொஞ்சம் எடுத்து ரெண்டு மூணு புழு போட்டு பத்து நிமிஷம் விடுங்க, மிதந்துச்சுனா விரலால லேசா அமுக்குங்க, காத்து வெளிய வந்து மெத்துனு ஆயிடும். அப்படியே தூவியும் எத்தனையோ பேர் மீன் நல்லாதான் இருக்கு, நான் இல்லேங்கல, ஆனா பத்து நிமிஷத்துல நமக்கு என்ன கொள்ள போகுது. க்யூப் மாதிரி அழுத்தி வர்ற டியூபிஃபெக்ஸ (சேத்துல வாழுற நூல் மாதிரி புழு) முழுசா போடவே போடாதீங்க, நகக்கணு அளவு பிச்சு ஊற வெச்சா போதும்.

என் பெட்டா வயிறு கோலிகுண்டு மாதிரி உப்பிருச்சு, சாஞ்சு சாஞ்சு நீந்துது. பட்டாணி குடுக்கலாமா சார்?

பட்டாணி கோல்டு ஃபிஷ் வைத்தியம்மா, இது மாமிசம் திங்கிறது. மொதல்ல மேல இருந்து பாருங்க. செதிலெல்லாம் அன்னாசிப்பழம் மாதிரி தூக்கிட்டு நின்னா அது டிராப்ஸி, உடம்புக்குள்ள நீர் கோத்துக்கிட்டது, அது தீனி பிரச்சனையோட நிக்காது, தனி டேங்க்ல வெச்சு உடனே வைத்தியம் பாக்கணும், பொழைக்கிறது கஷ்டம்னும் சொல்லிடறேன். செதில் வழவழன்னு படிஞ்சிருந்தா பெரும்பாலும் அதிகமா தின்னதுதான். ரெண்டு மூணு நாள் ஒண்ணும் போடாதீங்க, தண்ணி 26, 27 டிகிரில இருக்கட்டும், குளிர்ந்தா ஜீரணம் மந்தமாயிடும். அப்புறம் ஊற வெச்ச டாஃப்னியாங்கற தண்ணித் தெள்ளு கொஞ்சம், அதோட ஓடு செரிக்காது, நமக்கு கீரை மாதிரி வேல செய்யும்.

ப்ளட் வார்ம் டப்பாவ தொறந்தாலே எனக்கு தும்மல், கை அரிப்பு. பிரமையா?

பிரமை இல்லக்கா, நிஜ அலர்ஜி. அது புழுவே கிடையாது, கொசு மாதிரியே இருக்குற ஆனா கடிக்காத ஒரு பூச்சியோட லார்வா, அத செவப்பாக்குற ஹீமோகுளோபின்தான் நெறைய பேருக்கு ஒத்துக்காது. காஞ்சதுல தூள் பறக்கும், மூக்குல ஏறும். கையால தொடாம இடுக்கில எடுங்க, இழுப்பு வந்துச்சுனா டப்பாவ யாருக்காவது குடுத்துட்டு டாக்டர பாருங்க. மாத்தா ஆர்ட்டீமியா (உப்புத் தண்ணி குட்டி இறால் மாதிரி), டாஃப்னியா இருக்கு, ஆனா அது ரெண்டும் இறால் சொந்தம், இறால் அலர்ஜி இருந்தா அதுலயும் பாத்து.

உயிரோட இருக்குற புழுவ விட இது மட்டமா?

உயிருள்ளது ருசி, மீனுக்கு வேட்டையாடுற குஷியும் உண்டு. ஆனா சாக்கடைல அள்ளுன டியூபிஃபெக்ஸ் எந்த நோயெல்லாம் தூக்கிட்டு வரும்னு யாருக்கு தெரியும், அதுக்கு காஞ்சதே மேல். மாடில பக்கெட் வெச்சு கொசுப்புழு வளக்கிறவங்க மீனுக்கு விருந்து வெக்கிறேன்னு தெருவுக்கே டெங்கு வெச்சுடாதீங்க, ஒரு வாரம் பத்து நாள்ல அதெல்லாம் பறந்துடும்.

பெட்டா குட்டிகளுக்கு நுணுக்கி போடலாமா?

வேஸ்ட். பொறிஞ்சு கொஞ்ச நாளான குட்டிக்கு அசையறதுதான் சாப்பாடு, மொதல்ல இன்ஃபுசோரியா (கண்ணுக்கே தெரியாத தண்ணி உயிர்கள்), கொஞ்சம் வளந்ததும் அன்னைக்கு முட்டைல இருந்து பொரிஞ்ச ஆர்ட்டீமியா.

நாலு நாள் ஊருக்கு போறேன், பக்கத்து வீட்ல டப்பாவ குடுத்துட்டு போகவா?

ஐயோ, டப்பாவ குடுக்காதீங்க. பாவமேன்னு பாதி டப்பாவ கொட்டிடுவாங்க, வந்து பாத்தா தண்ணி நாறிக் கெடக்கும். பெரிய மீன் நாலு நாள் சும்மா இருக்கும்.

டப்பா ஒரு வருஷமா இருக்கு, இன்னும் யூஸ் பண்ணலாமா?

டப்பால போட்ட தேதிய பாருங்க. தேதி தாண்டலனாலும் மொறுமொறுப்பு போயி நமத்திருந்தா, இல்ல எண்ணெ சிக்கு வாடை வந்தா தூக்கி போட்டுடுங்க. சென்னை மாதிரி ஊர்ல டப்பாவ தொறந்து வெச்ச அஞ்சே நிமிஷத்துல ஈரத்த இழுத்துக்கும், ஈரக்கை வேற உள்ள விடுவோம். ஷூ பாக்ஸ்ல வர்ற சிலிக்கா பாக்கெட் ஒண்ண கிழியாம உள்ள போட்டு இறுக்கி மூடி வைங்க, அடுத்த தடவ சின்ன டப்பாவே வாங்குங்க.