பழைய காரின் ஏசி பழுதுக்கு ரூ.42,000 செலவிடலாமா?

கேள்வி: எங்களிடம் இருப்பது 2013 மாடல் சிறிய பெட்ரோல் கார், 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஏசி கம்ப்ரஸர் போய்விட்டது, எல்லாம் சேர்த்து ரூ.42,000 ஆகும் என்கிறார் மெக்கானிக். காரை விற்றால் ரூ.1.6 லட்சம் கிடைக்கலாம். வயதான அம்மாவை மாதம் இருமுறை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். செலவு போக மாதம் ரூ.8,000 மிஞ்சுகிறது. அவசரத்துக்கு ரூ.60,000 சேமிப்பும், எட்டு மாதத்தில் முதிரும் ரூ.1 லட்சம் எஃப்.டி.யும் உள்ளன. கிரெடிட் கார்டு இஎம்ஐயில் பழுது பார்க்கலாமா, கடனில் புதிய கார் வாங்கலாமா?
— வாசகர், திருச்சி

பதில்: காரின் விலையில் கால் பங்குக்கு மேல் பழுதுச் செலவு என்றதும் மனம் தயங்குவது இயல்பே. ஆனால், இதைக் காரின் விலையோடு ஒப்பிடுவதைவிட, மாற்று வழிக்கு ஆகும் செலவோடு ஒப்பிடுவதே சரி. புதிய காருக்கு ரூ.5 லட்சத்தை 9.5 சதவீத வட்டியில் ஏழு ஆண்டுக் கடனாக வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய ரூ.8,170, உங்களுக்கு மிஞ்சும் தொகை முழுவதும் அதற்கே போதாது, வட்டியாக மட்டும் ரூ.1.86 லட்சம் போகும். பழுது பார்த்த காரை இரண்டு ஆண்டுகள் ஓட்டினாலே செலவு மாதத்துக்கு ரூ.1,750தான். ஆகவே பழுது பார்ப்பதே என் பரிந்துரை. ஆனால் அதற்கு முன் சிலவற்றை உறுதிசெய்ய வேண்டும்.

முதலில், பழுதானது கம்ப்ரஸரேதானா என்று இன்னொரு ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள். கம்ப்ரஸரை இன்ஜின் ஓட்டத்தோடு இணைத்துப் பிரிக்கும் மேக்னடிக் கிளட்ச்சோ அதன் பேரிங்கோ மட்டும் போயிருந்தால், பல மாடல்களில் அவற்றைத் தனியாக மாற்றிச் செலவைப் பெருமளவு குறைத்துவிடலாம். கம்ப்ரஸர் உள்ளுக்குள் தேய்ந்து இறுகியிருந்தால், அதன் உலோகத் துகள்கள் ஏசி குழாய்கள் முழுவதும் பரவியிருக்கும். அப்போது குழாய்களைச் சுத்தப்படுத்தி, ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரையும், கேஸ் செல்லும் அளவைக் கட்டுப்படுத்தும் எக்ஸ்பான்ஷன் வால்வையும், தேவைப்பட்டால் வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்ஸரையும் மாற்றாமல் கம்ப்ரஸரை மட்டும் பொருத்தினால், புதியதும் விரைவில் அதே கதிக்கு ஆளாகும். ஆகவே ரூ.42,000 என்ற ஒற்றைத் தொகையை ஏற்காமல், ஒவ்வொரு பாகத்துக்கும், ஏசியில் நிரப்பும் கேஸுக்கும், கூலிக்கும் தனித்தனியாக விலை எழுதி வாங்குங்கள். பழைய உதிரிபாகக் கடைகளில் பயன்படுத்திய கம்ப்ரஸர் மலிவாகக் கிடைக்கும்தான். உத்தரவாதம் இல்லாத அதற்கு இரண்டாம் முறை கூலியும் கேஸும் செலவழிக்க நேர்ந்தால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்றாகிவிடும்.

அடுத்து, இன்ஜின், கிளட்ச், சஸ்பென்ஷன், அடிப்பாகத் துரு ஆகியவற்றையும் அதே நாளில் பரிசோதித்துவிடுங்கள். அடுத்த ஓராண்டில் வரக்கூடிய வேலைகளையும் சேர்த்து மொத்தம் ரூ.80,000ஐத் தாண்டினால், ஏசியைத் தொடாமல் இருக்கும் நிலையிலேயே விற்றுவிடுவது நல்லது. விற்பதற்காகச் செய்யும் பழுதுச் செலவு பெரும்பாலும் விலையில் முழுதாகத் திரும்புவதில்லை. உங்கள் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்று) 15 ஆண்டு நிறைவில், அதாவது 2028இல் முடிகிறது. அதன் பிறகு ஆர்டிஓ ஆய்வில் தேறினால் ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம், ஆனால் ரூ.600ஆக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் ரூ.5,000 ஆகிவிட்டது, பழைய வாகனங்களுக்கான பசுமை வரியும் உண்டு.

காப்பீட்டை நம்ப வேண்டாம். விபத்தால் அல்லாத இயந்திரப் பழுதும் தேய்மானமும் வழக்கமான மோட்டார் பாலிசியில் சேராது.

பணத்துக்குக் கார்டு இஎம்ஐ வேண்டாம். வட்டியோடு பிராசஸிங் கட்டணமும், வட்டியின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். எஃப்.டி.யை உடைக்கவும் வேண்டாம். அதன் மீதே வங்கியில் கடன் வாங்குங்கள். வட்டி பொதுவாக எஃப்.டி. வட்டியைவிட 1 முதல் 2 சதவீதமே கூடுதல், எஃப்.டி.யும் தன் வட்டியை ஈட்டிக்கொண்டிருக்கும். மாதம் ரூ.7,000 வீதம் கட்டினால் ஏறக்குறைய ஆறு மாதத்தில், எஃப்.டி. முதிர்வதற்கு முன்பே கடன் முடியும். அம்மாவின் மருத்துவத்துக்காக அந்த ரூ.60,000ஐ அப்படியே விட்டுவையுங்கள்.