நிரலாக்கம் அறியாதவர்களுக்கு முதல் மொழியாக எதைக் கற்பிக்கலாம்?

முன் அனுபவமே இல்லாத மாணவர்களுக்கு சி, ஜாவா, பைத்தான் ஆகிய மூன்றில் எதை முதலில் கற்பிக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பைத்தான் என்பதே என் பதில். ஆனால், குறைந்த வரிகளில் எழுதிவிடலாம் என்று வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. புதிதாகக் கற்பவர் எழுதும் நிரல் பெரும்பாலும் முதல் தடவையில் ஓடாது. ஓடாதபோது அந்த மொழி அவரிடம் என்ன சொல்கிறது என்பதையே நான் பார்ப்பேன்.

சி மொழியில் ஸ்கேன்எஃப் என்ற உள்ளீட்டுக் கட்டளையைக் கொண்டு ஓர் எண்ணை வாங்கும்போது, மாறியின் (மதிப்பைச் சேமித்துவைக்கும் இடத்தின்) பெயருக்கு முன் இட வேண்டிய & குறியை மாணவர் மறந்துவிட்டால், நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலர் ஓர் எச்சரிக்கையோடு விட்டுவிடக்கூடும்; நிரலோ ஓடும்போது ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்று மட்டும் சொல்லி நின்றுவிடும். எந்த வரியில் பிழை என்பது அதில் இராது. காரணத்தை விளக்க நினைவக முகவரியைப் பற்றிப் பேச வேண்டும். அந்த முகவரிகளைக் கையாளும் பாயின்டர் பாடமோ வெகு தொலைவில் இருக்கும். ஜாவாவில், திரையில் ஒரு சொல்லைக் காட்டுவதற்கே கிளாஸ், பப்ளிக், ஸ்டாட்டிக் என்று எழுதவைத்து, “இதெல்லாம் பிறகு புரியும்” என்று சமாளிக்க வேண்டியிருந்தது. 2025இல் வந்த ஜாவா 25 இந்தச் சடங்கை வெகுவாகக் குறைத்துவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பைத்தானில் ஒரு மாறியின் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதினால், எந்த வரி, எந்தப் பெயர் என்று அது சுட்டிக்காட்டும். 2021இல் வெளிவந்த 3.10 பதிப்பிலிருந்து, ‘இந்தப் பெயரையா எழுத நினைத்தீர்கள்?’ என்று சரியான பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. பைத்தானை உருவாக்கிய கைடோ வான் ராஸம், அதற்கு முன்பு பணியாற்றிய ஏபிசி என்ற மொழியே நிரலாளர் அல்லாதவர்களை மனத்தில் கொண்டு வடிவமைக்கப்பட்டதுதான்.

ஆயினும் பைத்தானும் சில இடங்களில் வாயைத் திறப்பதில்லை. இன்புட் என்ற கட்டளை மூலம் 5, 7 என்ற எண்களை வாங்கிக் கூட்டினால், அவை எழுத்துச் சரங்களாகவே இருப்பதால், 12 வராமல் 57 வரும். பிழைச்செய்தி எதுவும் வராது. இதை மாணவர்களே கண்டு திகைக்கும்படி முதல் வாரத்திலேயே பயிற்சியாகக் கொடுங்கள். தரவு வகை (எண்ணா, எழுத்தா என்ற பாகுபாடு) எதற்கு என்பதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

பத்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் கட்டளைக் கட்டைகளை இழுத்துப் பொருத்தி நிரல் அமைக்கும் ஸ்கிராட்ச் போதும். கருவிகளுக்குள் இருக்கும் சிறு கணினியான மைக்ரோகன்ட்ரோலரை நிரலாக்கவே வந்திருக்கும் மாணவர்கள் என்றால், மேலே சொன்ன தொல்லைகளோடு சேர்த்தே சி மொழியில் தொடங்கலாம். நினைவக முகவரி அவர்களுக்கு எப்படியும் முதல் மாதத்திலேயே தேவைப்படும்.